கொண்டுபோனதா, அங்கே இருந்ததா

1954 ஆகஸ்ட் 3, செவ்வாய்

ஸ்டெரிலைசர் அறையின் ஓடு மறுபடி ஒழுகுகிறது, சரியாக ஆட்டோகிளேவுக்கு மேலே. பக்கெட் வைத்துவிட்டு வேலை செய்தேன். காலையில் இரண்டு சுற்று. பதினைந்து பவுண்டு அழுத்தம், முப்பது நிமிஷம். ரிஜிஸ்டரில் நேரம் எழுதிக் கையெழுத்து. இந்த மிஷன் ஆசுபத்திரியில் ஸ்டெரிலைசரும் லேபும் பார்க்கும் பத்து வருஷமாக என் பெயர் அதிகம் எழுதப்பட்டிருப்பது அந்த ரிஜிஸ்டரில்தான். சத்தியபாய், சத்தியபாய், பக்கம் பக்கமாக.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் சரோஜம் கேட்டாள்: "வெள்ளம் திளச்சாலே எல்லாம் சாவும்லா அக்கா? பின்ன என்னத்துக்கு இந்த இரும்பு அண்டாவும் கடிகாரமும்?" தண்ணீர் கொதித்தால் மட்டும் எல்லாம் சாகாது என்றேன். மண்ணில் கிடக்கும் சில கிருமிகள், ஆபத்து வந்தால் விதை மாதிரி ஓடு கட்டிக்கொண்டு தூங்கிவிடும். வெறும் கொதிநீருக்கு அந்த ஓடு உடையாது, அழுத்தத்தோடு ஆவி வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் பெருமை உண்டு.

மத்தியானம் தம்பி ஈசாக் வந்தான். பனச்சமூட்டில் அவனுக்குச் சைக்கிள் கடை. நகத்திலெல்லாம் கிரீஸ். தமிழ் பேசும் தாலூக்காக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் பதினொன்றாம் தேதி தெற்கே ஊர்வலம், போகப்போகிறானாம். பெண்டாட்டி கிருபாபாயிடம் சொன்னாயா என்று கேட்டேன். சிரித்தான். சொல்லவில்லை என்று அர்த்தம்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டில் சண்டை. கிருபாபாய்க்கு ஏழு மாசம். "மைனி, நீங்க சொன்னாக் கேப்பாவ, சொல்லுங்க" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். சொன்னேன். அவன் சொன்னான்: "அக்கா, நாலு தாலூக்கா தமிழ்நாட்டுக்குப் போவும்ணு எல்லாவனும் பேசுதான். நம்ம பாறசாலையயும் நெய்யாற்றின்கரையயும் அப்படியே விட்டுருவாவ. நாம போய் நின்னாத்தானே நம்மளயும் எண்ணுவாவ?"

சோறு போட்டேன். மீன் கறி நன்றாக இருந்தது. மூன்று பேரும் சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 11, புதன்

மதியத்துக்குப் பிறகு பஸ் இல்லை. தெற்கே போலீஸ் சுட்டார்கள் என்கிறார்கள். எத்தனை பேர் என்று ஆளுக்கொரு எண்ணிக்கை. ஈசாக் வரவில்லை.

ஆகஸ்ட் 12, வியாழன்

விடிந்து கொஞ்ச நேரத்தில் ஈசாக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவனுடைய இரண்டு கூட்டுக்காரர்கள் தோளில் தாங்கி, வயல் வழியாக. வலது கெண்டைக்காலில் குண்டு ஒருபுறம் புகுந்து மறுபுறம் போயிருக்கிறது. எலும்பில் படவில்லை. சாயங்காலம் முழுவதும் வாழைத்தோட்டத்து ஓடையில் செளியில், சேற்றுக்குள் கிடந்திருக்கிறான். காலெல்லாம் மண்ணும் சாணமும்.

ஆசுபத்திரி வாசலில் காலையிலிருந்து போலீஸ் ஜீப். காயத்தோடு வருகிறவன் பெயரையெல்லாம் எழுதுகிறார்கள். ஈசாக் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அங்க வேண்டாம் அக்கா. அப்படியே ஜெயிலுக்குக் கொண்டு போயிருவானுவ." கிருபாபாயும், "நீங்க இரிக்கியளே மைனி. நீங்களே பாருங்க" என்றாள்.

வேலைக்குப் போகிற மாதிரி போனேன். ஊசி, இடுக்கி, பட்டு நூல், மருந்து, எல்லாம் பைக்குள். ஆட்டோகிளேவில் போட்டு எடுக்க ஒரு மணி நேரமாவது வேண்டும். ரிஜிஸ்டரில் யாருக்கு என்று எழுத வேண்டும். சிஸ்டர் பக்கத்திலேயே நின்றார். டாக்டர் ராபின்சன் வார்டில் இருந்தார். அவரிடம் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். சொல்லவில்லை. பெரிய ஆசுபத்திரி, பெரிய மனிதர், போலீஸுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்—

வீட்டில் சோற்றுப்பானையில் கொதிக்க வைத்தேன். கடிகாரம் பார்த்து அரைமணி நேரம். காயத்தை நன்றாகக் கழுவினேன். ஐந்து தையல். 

ஆகஸ்ட் 15, ஞாயிறு

காய்ச்சல் இல்லை. வீக்கமும் குறைவு. நொண்டிக்கொண்டே வந்து சாயா கேட்கிறான். ஜீப் நேற்றே போய்விட்டது.

ஆகஸ்ட் 19, வியாழன்

காலையில் கஞ்சி குடிக்க வாய் திறக்கவில்லை. "பல்லு வலியா இரிக்கும் அக்கா, தாடை கெட்டியா இரிக்கு" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னான்.

எனக்குத் தெரிந்துவிட்டது. ரணஜன்னி, டெட்டனஸ். கர்த்தாவே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

தையலைப் பிரித்தேன். மேலே ஆறியிருக்கிறது, உள்ளே சீழ். ஒரு நூலை ஏன் டியூபில் போட்டு மூடினேன் என்று தெரியாது, பத்து வருஷப் பழக்கம். மாட்டுவண்டி பிடித்து ஆசுபத்திரிக்கு. டாக்டர் பார்த்த உடனே வெளிச்சம் பட்டால் இசிவு வருமென்று இருட்டு அறைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "எவன் தைத்தான் இதை? மண்ணில் கிடந்த காயத்தை மூடித் தைக்கிறவன் மனுஷனா?"

"தெக்க யாரோ, டாக்டர். ஊர்வலத்துல."

கிருபாபாய் என் பக்கத்தில் நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21, சனி

பகல் பதினொன்றேகாலுக்கு. இருபத்தெட்டு வயது.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. கறுப்புத் துணி குத்தியவர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான எங்கள் சகோதரன் என்று பாதிரி ஐயர் ஜெபம் பண்ணினார். கிருபாபாய் ஆமென் என்றாள். நானும் சொன்னேன்.

ஆகஸ்ட் 30, திங்கள்

டியூபில் போட்ட நூலை இறைச்சிச் சாற்றில் வைத்து, மேலே பாரஃபின் ஊற்றி, எட்டு நாள் வைத்திருந்தேன். காற்றுப் படாத இடத்தில்தான் அது வளரும். இன்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நீளக் குச்சி, ஒரு முனையில் உருண்டைத் தலை. முரசு அடிக்கிற கோல் மாதிரி. படத்தில் பார்த்ததுதான்.

இது ஓடையின் செளியிலிருந்து வந்ததா? இல்லை, என் நூலிலிருந்தா? என் ஊசியிலிருந்தா?

அன்று பானையில் மிச்சம் ஒரு முழம் நூல் கிடந்தது. அதை எடுத்து வைத்திருந்தால் இதேபோல் வளர்த்துப் பார்த்திருக்கலாம். அதில் ஒன்றும் முளைக்காவிட்டால் நான் தப்பினேன். முளைத்தால் இல்லை. அந்த நூலையும் வெள்ளத்தையும் கொல்லைப்புறத்தில் கொட்டிவிட்டேன். இனி எதை வைத்துப் பார்க்க?

செப்டம்பர் 14, செவ்வாய்

புது பட்டு நூலைக் கொல்லை மண்ணில் புரட்டி, அதே பானையில், அதே அரைமணி நேரம். ஐந்து டியூப். நாலில் முளைத்திருக்கிறது.

அதனால் என்ன தெரிந்தது? சாகாமல் இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. சரோஜத்துக்கு நான் சொல்லிக்கொடுத்ததுதானே அது.

அக்டோபர் 20, புதன்

கிருபாபாய்க்குப் பெண் குழந்தை. புஷ்பபாய் என்று பெயர். தொப்புள் கொடி வெட்டின கத்தரியை மூன்று தடவை ஆட்டோகிளேவில் போட்டேன். சிஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

1955 ஆகஸ்ட் 21, ஞாயிறு

ஒரு வருஷம். கல்லறைக்குப் போனோம். பிள்ளை தவழ்கிறாள்.

அந்தக் கிருமியை நூலில் காயவைத்து டியூபில் அடைத்து லேப் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். மேலே 'ஈ' என்று மட்டும் எழுதியிருக்கிறது. இன்று ஒரு நூலைச் சாற்றில் போட்டுப் பார்த்தேன். ஏன் பார்க்கிறேன்? யாராவது கேட்டால் என்ன சொல்வேன்?

ஆகஸ்ட் 26, வெள்ளி

முளைத்திருக்கிறது.

1956 நவம்பர் 1, வியாழன்

நாலு தாலூக்கா மதராஸ் ராஜ்யத்துக்குப் போய்விட்டது. நாங்கள் கேரளம். ஈசாக் சொன்ன மாதிரியே. பனச்சமூட்டில் அவன் கடை இருந்த ஓரம் கேரளம், எதிரே இருக்கும் சாயாக்கடை மதராஸ். நடுவில் ஒரு ரோடு. தெற்கே வெடி போட்டுக் கொண்டாடுகிறார்களாம். கிருபாபாய் காலையிலிருந்து பிள்ளைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். வெடிச்சத்தம் கேட்டபோது மட்டும் மெஷினை நிறுத்தினாள்.

1957 அக்டோபர் 7, திங்கள்

ருஷ்யாக்காரர்கள் வானத்தில் ஒரு பந்து விட்டிருக்கிறார்கள், பூமியைச் சுற்றுகிறது. ஆசுபத்திரி முழுவதும் அதே பேச்சு. பேப்பரை மடித்துக்கொண்டே டாக்டர் சொன்னார், அடுத்தது நிலாவுக்குத்தான் என்று.

எனக்கு வாயில் வந்தது: "அனுப்புறதுக்கு மின்ன ஸ்டெரிலைஸ் பண்ணுவாவளா டாக்டர்?"

அவர் சத்தமாகச் சிரித்தார். வராந்தாவில் இருந்த நோயாளிகளும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமல். "அங்கே காற்றே கிடையாது சத்தியா. எது பிழைக்கும்?"

"காத்து இல்லாத இடத்துலதானே சிலது நல்லா இரிக்கும்."

சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேப்பரை மறுபடி பிரித்தார்.

1958 ஜூன் 17, செவ்வாய்

டாக்டர் ஓர் அமெரிக்க விஞ்ஞானப் பத்திரிகையை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். "உன் கேள்வியைப் பெரிய ஆட்கள் கேட்டிருக்கிறார்கள்" என்று மேலே பென்சிலில்.

டிக்‌ஷனரி வைத்து இரண்டு நாளாகப் படித்தேன். நிலாவில் ராக்கெட் மோதினால் அதில் ஒட்டிய நம் கிருமிகளும் போகும். அங்கே வளராமல் இருக்கலாம். ஆனால் தூங்கிக்கொண்டு கிடக்கும். பிறகு ஒருநாள் மனிதன் போய் நிலாத் தூசியைச் சோதிக்கும்போது ஒரு கிருமி கிடைத்தால், அது முதலிலேயே அங்கே இருந்ததா, நாம் கொண்டுபோனதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒருமுறை கலந்தால் கலந்ததுதான். ஆகவே போகும் முன்னே சுத்தம் செய்ய வேண்டும், இப்போதே நாடுகள் கூடிச் சட்டம் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தை மூன்று முறை வாசித்தேன். நாலு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாததை, எங்கோ இருக்கிற ஒருவன் நிலாவைப் பற்றி எழுதியிருக்கிறான். நான் அந்த நூலைக் கொட்டினேன். அவர்கள் கொட்டாமல் இருக்கப் பார்க்கிறார்கள்.

ஸ்டெரிலைசர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆவிச் சத்தத்தில் வெளியே கேட்டிருக்காது.

ஜூன் 20, வெள்ளி

காற்று இல்லாத இடத்தில் அது எவ்வளவு நாள் இருக்கும்? இதை நான் பார்க்கலாமே. என்னிடம் கிருமி உண்டு. என்ன இனம், எந்தத் தேதியில் எடுத்தது, எல்லாம் தெரிந்த கிருமி. டாக்டரிடம் மண்ணிலிருந்து எடுத்தது என்று சொன்னேன். இன்னொரு பொய். செய் என்றார்.

செப்டம்பர் 6, சனி

நாகர்கோவில் போய்வந்தேன். சித்தப்பா மகன் ஜெயசிங் அங்கே காலேஜில் பௌதிக லேபில் வேலை பார்க்கிறான். அவனிடம் காற்றை உறிஞ்சும் பம்பு உண்டு.

களியக்காவிளை செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் துழாவினார்கள். மதராஸ் பக்கம் மதுவிலக்கு, எல்லோர் பையிலும் சாராயம் தேடுகிறார்கள். பஞ்சில் சுற்றிய டியூப் பெட்டியைக் கண்டதும் போலீஸ்காரர், "என்ன மருந்து இது?" என்றார். நூல் என்றேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நூல்தான். "நூலுக்கு இத்தன பூட்டா?" என்று திருப்பித் தந்தார். கை கழுவுங்கள் என்று சொல்ல நினைத்தேன். டியூபெல்லாம் மெழுகு வைத்து அடைத்தது, பயமில்லை. ஆனாலும்.

ஜெயசிங் பன்னிரண்டு டியூபிலிருந்தும் காற்றை உறிஞ்சி வாயை உருக்கி மூடினான். "நிலாவுல உள்ள அளவுக்கு இந்த பம்பு இழுக்காது அக்கா. பாதி வழிகூட வராது. ஆனா உள்ள இனி ஒண்ணும் இல்ல, அம்புட்டுதான்" என்றான். பிறகு கேட்டான்: "ஆருக்காக்கும் இது? ஆசுத்திரிக்கா?"

எனக்காக்கும் என்றேன்.

1959 ஜனவரி 5, திங்கள்

ருஷ்ய ராக்கெட் நிலாவைத் தாண்டிப் போய்விட்டது, மோதவில்லை. எனக்கு ஏன் நிம்மதி?

பிப்ரவரி 14, சனி

ஐந்து மாதம் கழித்து டியூபுகளை உடைத்தேன். பன்னிரண்டில் பன்னிரண்டும் முளைத்தன.

வெயில் வேறு சங்கதி. மொட்டை மாடியில் கம்பிக் கூண்டுக்குள் திறந்த தட்டில் வைத்த வெறும் நூல்கள் சில நாளில் செத்தன. ஆனால் ஒரு சிட்டிகை மண் தூவி மூடிய நூல்கள் செத்தபாடில்லை. மேலே கிடக்கிற மண்ணே அதற்குக் கூரை. ராக்கெட்டில் ஏதாவது மறைவில், திருகாணிக்கு அடியில் இருந்தால் அப்படித்தானே.

டாக்டர் என் நோட்டைக் கடைசி வரை படித்தார். "இதை நான் டைப் செய்கிறேன். உன் பெயரில்தான் போகும்" என்றார். எத்தனை வருஷத்துக்குப் பிறகு எனக்குச் சந்தோஷம் வந்தது! வந்த உடனே, அது எதிலிருந்து வந்தது என்ற ஞாபகமும் வந்தது.

மார்ச் 2, திங்கள்

அந்தக் கட்டுரைக்குக் கீழே பெயர் போட்டிருந்த அமெரிக்கப் பேராசிரியருக்குக் கடிதம் போய்விட்டது.

மே 29, வெள்ளி

பதில். நீல உறை, 'மிஸ்டர் சத்தியபாய்' என்று முகவரி. உங்கள் கவனிப்பு பயனுள்ளது, எங்கள் குழுவில் வாசித்தேன் என்று எழுதியிருக்கிறார். இரண்டு டியூப் அடைத்து அனுப்ப முடியுமா? பிறகு ஒரு கேள்வி: இந்தக் கிருமி எங்கிருந்து, எப்போது, எந்தச் சூழ்நிலையில் எடுக்கப்பட்டது? அது சரியாகத் தெரியாவிட்டால் இந்த முடிவுகளை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது.

டாக்டருக்குச் சந்தோஷம். "எந்தத் தோட்டத்து மண் என்று எழுது, போதும்."

ஜூன் 1, திங்கள்

இரண்டு நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். தோட்ட மண் என்று எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் சுத்தமாக வைத்தால்தான் உண்மை தெரியும் என்று ஒருவன் கெஞ்சுகிறான், அவனுக்கே நான் அழுக்கு அனுப்புவதா?

டாக்டர் அறைக்குப் போய் நின்றபடி சொன்னேன். தைத்தது நான். கொதிக்க மட்டும் வைத்தேன். இந்தக் கிருமி ஈசாக்கின் காலிலிருந்து எடுத்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  பிறகு சொன்னார்: "அன்றைக்கு ஜீப் நின்றது எனக்குத் தெரியாதா? பின்வாசல் சாவி என்னிடம் இருந்தது சத்தியா. அன்றைக்கு இரண்டு பேருக்கு உள்ளே கட்டுப்போட்டேன். ரணஜன்னி வராமல் இருக்கச் சீரமும் போட்டேன். ரிஜிஸ்டரில் ஏற்றவில்லை. நீ என்னிடம் சொல்லியிருக்கலாமே."

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. சொல்லியிருக்கலாம். வார்டு வாசல் வரைக்கும் போனேனே. ஒரு வாய் சொல்லியிருந்தா, ஒரே ஒரு வாய்— எலே ஈசாக்கு, ஒனக்க அக்கா வாயத் தொறக்கல்லியே மக்கா.

ஜூன் 4, வியாழன்

கடிதம் போகும் முன்னே கிருபாபாயிடம் சொல்ல வேண்டும் என்று டாக்டரும் சொன்னார், நானும் நினைத்தேன். சாயங்காலம் சொன்னேன். பிள்ளை முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

தையல் போட்டது அவள் கண்ட சங்கதிதான். கொதிக்க வைத்தால் போதாது என்று எனக்கு அப்போதே தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. அதைச் சொன்னேன். அவள் மெஷினிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நூலுல உள்ளதா, செளியில உள்ளதா மைனி?"

"தெரியாது."

"எப்பம் தெரியும்?"

"ஒருக்காலும் தெரியாது."

துணியைத் திருப்பி வைத்து, "அது இப்பம் எங்க?" என்றாள். புரியாமல், எது என்று கேட்டேன்.

"அவியளக் கொன்னது."

"ஆசுத்திரியில. டியூபுக்குள்ள."

"உசுரோடயா?"

உண்டு என்றேன்.

எழுந்து நின்றாள். குரல் உயரவே இல்லை. "அஞ்சு வருசமா. அவிய மண்ணாப் போயாச்சு. அதுக்கு நீங்க இறைச்சி வெள்ளம் ஊத்தி வளத்திருக்கிய." நான் ஆராய்ச்சி என்று ஆரம்பித்தேன். நிலாவுக்கு இப்படி ஒரு— வாயிலிருந்து வந்துவிட்டது. "நிலாவுக்க காரியம் நிலாவுக்கு" என்றாள். "அத எனக்கக் கண்ணு முன்ன கொல்லணும். ஒண்ணுகூட மிச்சம் வைக்காண்டாம்."

ஜூன் 6, சனி

சரோஜத்தை வெளியே அனுப்பினேன். கிருபாபாய் இதுவரை அந்த அறைக்குள் வந்ததில்லை. அலமாரியைத் திறந்து எல்லா டியூபையும் அவளே எண்ணி வாங்கினாள். நாற்பத்தொன்று. அமெரிக்காவுக்கென்று எடுத்து வைத்த இரண்டும் அதில் உண்டு.

பதினைந்து பவுண்டு, முப்பது நிமிஷம். அவள் அழுத்த முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெக்கையில் முகமெல்லாம் வேர்த்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அரைமணி முடிந்து அணைக்கப் போனபோது, "இன்னும் வைங்க" என்றாள். ஒரு மணி நேரம் வைத்தேன்.

ஆவி அடங்கி மூடியைத் திறந்த பிறகு கேட்டாள்: "அண்ணைக்கும் இதுல வைச்சிருந்தா ஒரு மணிக்கூறுதானா?"

"அரைமணி போதும்" என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 8, திங்கள்

கிருபாபாய் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அருமனைக்கு, பிறந்த வீட்டுக்குத் தள்ளையிடம் போய்விட்டாள். அது மதராஸ் பக்கம். தையல் மெஷினையும் பஸ்ஸுக்கு மேலே ஏற்றினார்கள். புஷ்பம், "நீங்க வரல்லியா அத்தை?" என்று கேட்டாள். கிருபாபாய் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூன் 10, புதன்

பேராசிரியருக்கு எழுதினேன். இருபத்தெட்டு வயது ஆணின் குண்டுக் காயத்திலிருந்து, 1954 ஆகஸ்டு 19 அன்று எடுக்கப்பட்டது. காயத்தைத் தைத்தவள் நான். நூல் கொதிக்க வைக்கப்பட்டது, அழுத்தத்தில் வைக்கப்படவில்லை. ஆகவே கிருமி மண்ணிலிருந்தா நூலிலிருந்தா என்று சொல்ல இயலாது. குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி டியூபுகள் யாவும் அழிக்கப்பட்டன.

டாக்டர் படித்தார். "சரிபார்க்க ஒன்றும் இல்லை என்றால் இதை அவர்கள் எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள்" என்றார். தெரியும் என்றேன். ஒரு வார்த்தையும் மாற்றாமல் டைப் செய்தார்.

ஜூலை 14, செவ்வாய்

மந்திரிசபைக்கு எதிராக எங்கும் மறியல். பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. அருமனைக்கு இரண்டு கடிதம் போட்டேன். பஸ் ஒழுங்காக ஓடாததால் போய்ச் சேரவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

வீட்டில் ஒருத்திக்குச் சமைக்க அரிசி அளவு இன்னும் பிடிபடவில்லை.

செப்டம்பர் 15, செவ்வாய்

நிலாவில் ருஷ்ய ராக்கெட் மோதிவிட்டது. அனுப்பும் முன்பே கிருமி நீக்கம் செய்தோம் என்று அவர்கள் சொல்வதாகப் பேப்பரில் ஒரு வரி. எப்படிச் செய்தார்கள், யார் கூட நின்று பார்த்தார்கள் என்று இல்லை. டாக்டர், "நம்பித்தான் ஆக வேண்டும்" என்றார். நம்ப எனக்கும் ஆசைதான். யாரோ ஒருத்தி அங்கேயும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டிருப்பாள். உண்மையாகப் போட்டிருக்கட்டும்.

வேலை முடிந்து வரும்போது நிலா இருந்தது. பார்க்காமல் வந்தேன்.

செப்டம்பர் 19, சனி

அருமனையிலிருந்து தபால் கார்டு. கிருபாபாயின் எழுத்து. நலமா, சுகமா ஒன்றும் இல்லை.

"மைனிக்கு. இங்க உள்ள ஆசுத்திரியில பேறு பாக்கப் படிக்கப் போறேன். ஊரில் வீடுகளில் போய்ப் பாக்கணும். பிளேடும் கொடி கட்டுற நூலும் வெள்ளத்துல திளப்பிச்சாப் போதும்ணு கூட உள்ளவிய சொல்லுதாவ. போதுமா? சரியா எழுதவும். கிருபாபாய்."

பதில் எழுத உட்கார்ந்தேன். போதாது என்று எழுதினேன். கீழே சேர்த்தேன்: எல்லாவற்றையும் துணியில் பொதிந்து டின்னில் வைத்து பனச்சமூடு பஸ்ஸில் கொடுத்துவிடு. நான் ஆட்டோகிளேவில் வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். மூடியை வழியில் யாரும் திறக்கக் கூடாது.

செப்டம்பர் 28, திங்கள்

காலை பஸ்ஸில் டின் வந்தது. கண்டக்டர் பொன்னப்பன் ஆசுபத்திரி வாசலிலேயே இறக்கித் தந்தார். பதினாறு பிளேடு, எட்டு நூல்கட்டு, எல்லாம் தனித்தனியாகப் பொதிந்தது. புஷ்பத்தின் பழைய சட்டைத் துணி. உள்ளே கடிதம் ஏதாவது இருக்குமா என்று துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். இல்லை.

பத்து மணிக்கு உள்ளே வைத்தேன். ரிஜிஸ்டரில் 'அருமனை, கிருபாபாய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மத்தியான பஸ்ஸுக்குத் திரும்பிப் போயிற்று.